பாரிஸ் பிஸ்ட்ரோ: கரும்பலகையையும் பில்லையும் படிப்பது எப்படி

பாரிஸ் போய் வந்தவர்கள் அங்குள்ள பிஸ்ட்ரோ என்ற சின்னச் சாப்பாட்டுக்கடைகளைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் சில. பில்லிலேயே சர்வீஸ் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள், அப்புறம் கார்டு மெஷின் ஏன் டிப்ஸ் கேட்கிறது? மாலை 3 மணிக்குப் பசியோடு உள்ளே போனால் கடை திறந்திருக்கிறது, ஆளும் இருக்கிறார், சாப்பாடு மட்டும் கிடையாது, இது என்ன நியாயம்? ஓட்டலில் சமைக்காமல் பாக்கெட்டைப் பிரித்து மைக்ரோவேவில் சூடாக்கித் தருகிறார்கள் என்று செய்தி வருகிறதே, உண்மையா? இதற்கு நடுவில், இதே பிஸ்ட்ரோக்களுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வேண்டும் என்று 2018 முதல் ஒரு இயக்கமே நடக்கிறது.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். சின்ன இடம், இரண்டு மூன்று பேர் உழைப்பு, மலிவான சரக்கு, நாளுக்கு இரண்டு முறை மட்டும் நிரம்பும் மேசைகள்: இதுதான் பிஸ்ட்ரோவின் கணக்கு. அங்கே உட்கார்ந்து நாம் ரசிக்கும் நெருக்கமும் வீட்டுச் சாயலும் பெரும்பாலும் இந்தச் சிக்கனம் போட்ட கோலம். கணக்கு பிடிபட்டுவிட்டால் மேலே கேட்ட கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

எது பிஸ்ட்ரோ, எது இல்லை

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. கஃபே: குடிக்கத்தான் முக்கியமாக. காபி, வைன், கூடவே ஒரு சாண்ட்விச் அல்லது ஆம்லெட். நாள் முழுக்கத் திறந்திருக்கும்.

2. பிராஸ்ரி: சொல்லுக்கு அர்த்தம் பீர் காய்ச்சும் இடம். 1870-71 போரில் அல்சாஸ் பகுதி ஜெர்மனியிடம் போனதும் அங்கிருந்து பலர் பாரிஸுக்கு வந்தார்கள், இந்த வகைக் கடை அவர்களால் பெருகியது. பெரிய ஹால், நீளமான பட்டியல், புளித்த முட்டைக்கோசும் பன்றி இறைச்சியும், சிப்பி. சமையலறை இடைவிடாமல் இயங்கும்.

3. பூயோன்: மலிவு விலையில், மிகப் பெரிய கூடத்தில், வேகமாகப் பரிமாறும் சாப்பாட்டுக்கடை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டுவால் என்ற இறைச்சிக் கடைக்காரர் தொடங்கிய வகை. 1896இல் திறந்த பூயோன் ஷார்தியே இன்னும் ஓடுகிறது, அங்கே சர்வர் ஆர்டரையும் பில்லையும் மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவார்.

4. பிஸ்ட்ரோ: சின்னது. முதலாளியே கல்லாவிலோ அடுப்படியிலோ நிற்பார். பட்டியல் குட்டையாக இருக்கும், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும், நாளுக்கு நாள் மாறும்.

இந்த நாலுக்கும் நடுவில் கறாரான எல்லைக்கோடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பிஸ்ட்ரோ’ என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் வாசலில் அந்தப் பெயரை எழுதிக்கொள்ளலாம், எழுதியும் கொள்கிறார்கள், குழப்பத்தில் பாதி அங்கே ஆரம்பிக்கிறது.

பெயரும் பிறப்பும்

மோன்மார்த்ர் குன்றின் மேல், பிளாஸ் து தெர்த்ர் சதுக்கத்தில் ஒரு பழைய ஓட்டல் சுவரில் பலகை பதித்திருக்கிறார்கள்: 1814இல் பாரிஸைப் பிடித்த ரஷ்யச் சிப்பாய்கள் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதை ‘பிஸ்த்ர, பிஸ்த்ர’ என்று தங்கள் மொழியில் கத்தினார்களாம், அதிலிருந்து பெயர் வந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தில் இந்தச் சொல் முதலில் அகப்படுவதோ 1880களில்தான். எழுபது வருஷம் ஒரு சொல் எங்கேயும் எழுதப்படாமல் ஒளிந்திருந்தது என்று நம்பச் சொல்கிறார்கள், மொழியியலாளர்கள் பெரும்பாலோர் நம்பவில்லை. வட்டார வழக்கில் மட்டச் சாராயத்தையும் சாராயக் கடையையும் குறித்த பழைய சொற்களைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள்.

ரஷ்யர்களை விட்டுவிடலாம். இந்தக் கடைகளின் நிஜப் பின்னணி நிலக்கரி. பிரான்சின் நடுவில், மலைப்பாங்கான ஓவெர்ஞ் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடிப் பாரிஸுக்கு வந்தவர்கள் முதலில் வீடு வீடாகத் தண்ணீர் சுமந்தார்கள். அப்புறம் விறகும் கரியும் விற்றார்கள். இவர்களுக்கு ‘பூஞா’ என்று பெயர், கரிக்காரர் என்பதையும் ஊர்ப்பெயரையும் ஒட்டவைத்த கேலிப்பெயர் அது. கணவர் கரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறப் போனால், மனைவி கடையில் வருகிறவர்களுக்கு ஒரு கோப்பை வைன் ஊற்றுவார், கூட ஒரு தட்டுச் சாப்பாடும் வைப்பார். கடை முகப்பில் ‘வைனும் கரியும்’ என்றே எழுதியிருக்கும்.

கரி போய்விட்டது, வைனும் தட்டும் நின்றன. இந்த ஊர்க்காரர்கள் மெல்ல மெல்ல நகரத்தின் பெரிய கடைகளையும் கைப்பற்றினார்கள். சேன்-ழெர்மான் பகுதியின் புகழ்பெற்ற லிப் பிராஸ்ரியை 1880இல் தொடங்கியவர் அல்சாஸ்காரர், 1920இல் அதை வாங்கியவர் ஓவெர்ஞ் வழி வந்த மார்செலான் காஸ்.

அடுப்படியின் கணக்கு

பிஸ்ட்ரோ பட்டியலில் நிரந்தரமாக இருக்கும் பண்டங்களைப் பாருங்கள். பெஃப் பூர்கிஞோன், சிவப்பு வைனில் மணிக்கணக்காக வெந்த மாட்டிறைச்சி. பிளாங்கெத் து வோ, கன்றுக்குட்டி இறைச்சியை வெள்ளைச் சாறில் வேகவைத்தது. கான்ஃபி து கனார், வாத்துக் காலை வாத்துக் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து அந்தக் கொழுப்புக்குள்ளேயே பாதுகாத்தது. இவற்றில் ஒன்றில்கூட விலை உயர்ந்த பகுதி இல்லை. தோள், கழுத்து, தொடை என்று தசைநார் நிறைந்த, அவசரத்தில் சமைத்தால் செருப்பு மாதிரி ஆகிவிடும் துண்டங்கள்தான். மெல்லிய நெருப்பில் பல மணி நேரம் வைத்தால் அந்தத் தசைநார் கரைந்து கொழகொழப்பாகிச் சாற்றையும் கெட்டியாக்கும். பணத்துக்குப் பதிலாக நேரத்தைச் செலவழிக்கிறார்கள், அடுப்பு பார்த்துக்கொள்ளும், ஆள் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

காலையிலேயே பெரிய பாத்திரத்தில் ஏற்றிவிட்டால் மதியம் 12 மணிக்கு ஒருவர் மட்டும் நின்று நாற்பது தட்டு எடுத்து வைத்துவிடலாம். அன்றைய ‘பிளா து ஜூர்’, அதாவது நாளின் சிறப்புத் தட்டு, மற்றவற்றைவிட மலிவாகவும் சீக்கிரமாகவும் வருவது இதனால்தான். கரும்பலகை அழகுக்கு வைத்ததில்லை: காலையில் சந்தையில் என்ன மலிவோ அதை எழுதலாம், தீர்ந்ததும் அழித்துவிடலாம், மிச்சம் இருக்காது.

ஸ்டேக் ஃப்ரீத் கொஞ்சம் வேறு. இறைச்சியைத் தீயில் காட்டி எடுத்து, உருளைக்கிழங்கு வறுவலோடு கொடுப்பது. இங்கேயும் பிஸ்ட்ரோக்கள் விலை ஏறிய ஃபிலேயை விட்டுவிட்டு ‘ஓங்லே’, ‘பவெத்’ என்ற துண்டுகளை எடுக்கும். ஓங்லே ஒரு மாட்டில் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும், கொஞ்சம் நாராக இருந்தாலும் ருசி அதிகம், முன்பெல்லாம் இறைச்சிக் கடைக்காரர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வார் என்பார்கள். எவ்வளவு வேக வேண்டும் என்று சர்வர் கேட்பார், அங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ‘பிளெ’ என்றால் ஏறக்குறையப் பச்சை. ‘சேஞான்’ என்றால் இரத்தச் சிவப்பு. ‘ஆ ப்வான்’ நடுத்தரம் என்று சொன்னாலும் உள்ளே நல்ல சிவப்பாகவே வரும். சிவப்பே வேண்டாம் என்றால் ‘பியான் குயி’ என்று தயங்காமல் கேட்கலாம், சர்வர் முகம் லேசாக மாறினால் மாறட்டும்.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கஷ்டம். வினிகர் சாறில் ஊறிய லீக்ஸ், சூடான ஆட்டுப்பால் சீஸ் சாலட் இவை நம்பிப் போகக்கூடியவை, சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். வெங்காய சூப்பைச் சைவம் என்று நினைக்க வேண்டாம், அடியில் இருப்பது பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. அப்புறம், ‘ஆந்துயெத்’ என்று அழகான பெயரைப் பார்த்து அசைவர்களும் ஏமாற வேண்டாம், அது பன்றிக் குடலைத் திணித்துச் செய்த தொத்திறைச்சி, வாசனையே தட்டுக்கு முன்னால் வந்துவிடும்.

இதே சிக்கனம் அறையிலும் தெரியும். சுவரோரம் நீளமாக ஓடும் மெத்தை இருக்கையில் தனி நாற்காலிகளில் உட்காருவதைவிட அதிகம் பேர் உட்காரலாம். நீங்கள் உள்ளே போக மேசையை வெளியே இழுத்து மறுபடி தள்ளுவார்கள், பக்கத்து மேசைக்காரர் முழங்கை உங்கள் தட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். சுவரெல்லாம் கண்ணாடி, அது சின்ன அறையைப் பெரிதாகக் காட்டி விளக்கொளியைத் திருப்பி அனுப்பும். துணி விரித்தால் துவைக்க வேண்டும், அதனால் பல இடங்களில் காகிதம்.

3 மணிக்கு ஏன் சாப்பாடு இல்லை

மதியம் 12 முதல் இரண்டு, இரண்டரை வரை ஒரு முறை. மாலை 7 அல்லது ஏழரை முதல் 10 வாக்கில் வரை இன்னொரு முறை. இதற்கு ‘செர்வீஸ்’ என்றே பெயர். நடுவில் சமையல்காரர்களுக்கு ‘கூப்யூர்’ எனப்படும் இடைவேளை. மதியம் அடுப்படியில் நின்ற அதே ஆள்தான் இரவும் நிற்கப் போகிறார். பெரிய பிராஸ்ரியால் இரண்டு அணி ஆட்களை வைத்துக்கொள்ள முடியும், பிஸ்ட்ரோவால் முடியாது. அந்த நேரத்தில் கடை திறந்திருப்பது காபிக்கும் வைனுக்கும். வாசலில் ‘செர்வீஸ் கோந்தினு’ என்று இருந்தால் மட்டும் எப்போதும் சாப்பாடு உண்டு.

சர்வர் கண்டுகொள்ளவில்லை என்ற புகாரும் இதிலேயே அடங்கும். முப்பது நாற்பது பேருக்கு ஒரே சர்வர். அதோடு, நீங்களாகக் கேட்கும்வரை பில்லைக் கொண்டுவந்து வைப்பது அங்கே மரியாதைக் குறைவு, கிளம்பு என்று சொல்கிற மாதிரி. கேட்க வேண்டும்: ‘லாதிஸியோன், சில் வூ ப்ளே’. நுழையும்போது ‘போன்ழூர்’ சொல்லாமல் நேராகப் போய் உட்கார்ந்தவருக்கு இந்தக் காத்திருப்பு கொஞ்சம் நீளலாம். ‘கார்ஸோன்’ என்று கூப்பிடுவது பழைய படங்களோடு போயிற்று, இப்போது ‘மிஸ்யு’ அல்லது ‘மதாம்’.

பலகையில் உள்ள மூன்று பொறிகள்

1. நாம் மெனு என்று சொல்வது அங்கே ‘கார்த்’. ‘மெனு’ என்று கேட்டால் நிலையான விலையில் இரண்டு மூன்று பதார்த்தம் சேர்ந்த செட் சாப்பாடு. ‘ஃபோர்முல்’ என்பதும் அதன் தம்பிதான், முன்பதார்த்தமும் முதன்மைத் தட்டும், இல்லையென்றால் முதன்மைத் தட்டும் இனிப்பும். மதியத்தில் இதை எடுப்பவர்களுக்குத்தான் லாபம், தனித்தனியாக எடுத்தால் அதே தட்டுகள் கூடுதல் விலைக்கு வரும்.

2. ‘ஆந்த்ரே’ என்பது முன்பதார்த்தம். அமெரிக்காவில் அதே சொல்லை முதன்மைத் தட்டுக்கு வைத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. முதன்மைத் தட்டுக்குப் பெயர் ‘பிளா’.

3. ஒரே காபிக்கு இரண்டு விலை. ‘கோன்த்வார்’ என்றால் கல்லா மேடையில் நின்று குடிக்கும் விலை, ‘சால்’ என்றால் உட்கார்ந்து குடிக்கும் விலை. வெளி நாற்காலிக்குத் தனி விலை போடும் கடைகளும் உண்டு. பட்டியலில் எழுதியிருந்தால் இது ஏமாற்று இல்லை, நாற்காலி வாடகை.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்

18 யூரோ என்று பலகையில் எழுதியிருந்தால் நீங்கள் கொடுப்பது 18 யூரோதான். வரி, சர்வீஸ் இரண்டும் உள்ளே அடக்கம், 1987 முதல் அப்படித்தான் விலையை எழுத வேண்டும் என்பது விதி. சாப்பாட்டுக்கு வரி 10 சதவீதம், ஆகவே 18இல் 1.64 யூரோ அரசுக்குப் போகிறது, மீதி 16.36. மதுவுக்கு வரி 20 சதவீதம், 6 யூரோ வைனில் சரியாக 1 யூரோ.

இந்த வரிக்கும் ஒரு கதை உண்டு. 2009 ஜூலைவரை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் 19.6 சதவீதம். அதை ஒரேயடியாக 5.5க்கு இறக்கினார்கள், விலை குறையும், ஆள் சேர்ப்பார்கள் என்ற நம்பிக்கையில். விலை இறங்கியது கொஞ்சம்தான். 2012இல் 7, 2014இல் 10 என்று மறுபடி ஏற்றிவிட்டார்கள்.

சரி, டிப்ஸ். சர்வருக்குச் சம்பளம் உண்டு, சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் அவருக்கும் பொருந்தும். அமெரிக்கா மாதிரி டிப்ஸை நம்பி வாழும் ஏற்பாடு இல்லை. திருப்தியாக இருந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயத்தை மேசையில் விட்டுப் போவது பழைய வழக்கம். கார்டு புழக்கம் கூடியதும் நாணயம் குறைந்தது, டிப்ஸும் குறைந்தது. 2022இல் அரசு ஒரு சலுகை கொண்டுவந்தது: குறைந்தபட்ச ஊதியத்தின் 1.6 மடங்குக்குள் சம்பளம் வாங்கும் ஊழியருக்குக் கிடைக்கும் டிப்ஸுக்கு, கார்டில் வந்தது உட்பட, வரியும் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் இல்லை என்றது. அதன் பிறகுதான் மெஷின் திரையில் 5, 10, 15 சதவீதம் என்ற பொத்தான்கள் பல கடைகளில் முளைத்தன. டிப்ஸ் தராமல் தாண்டிப் போகும் பொத்தானும் அங்கேயே இருக்கும், அழுத்தினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ‘சர்வீஸ் சேரவில்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லி சுற்றுலாப் பயணியிடம் டிப்ஸ் கேட்டால் மட்டும், பட்டியலின் அடியில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

தண்ணீருக்குக் காசு இல்லை. ‘ஊன் கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குடுவையில் வரும். இலவசத் தண்ணீர் உண்டு என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்று 2020இல் வந்த சட்டம் 2022 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. வெறுமனே ‘தண்ணீர்’ என்று கேட்டால் பாட்டில் வரும், அதற்குக் காசு. ரொட்டி கேட்காமலே வரும், அதற்குத் தனிக்காசு கிடையாது.

‘ஃபெ மெஸோன்’ என்ற முத்திரை

2014இல் வந்த சட்டம் இது. அடுப்புமேல் வைத்த பாத்திரத்துக்கு வீட்டுக் கூரையை மூடியாகப் போட்ட ஒரு சின்னம், ‘கடையிலேயே செய்தது’ என்று பொருள். சமைக்காத மூலப்பொருளிலிருந்து அந்த இடத்திலேயே செய்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

இதில் எதிர்பாராத ஒன்று: உறைய வைத்த காயும் மீனும் இறைச்சியும் சட்டப்படி மூலப்பொருள்தான், ஏற்கெனவே சமைக்காததாக இருந்தால் போதும். ரொட்டி, சீஸ் போன்றவற்றை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். வேகாத அடுக்குமாவைக்கூட ஆயத்தமாக வாங்கலாம். பாதி பொரித்து உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு இடம் இல்லை.

பெரிய ஓட்டை வேறு இடத்தில். கடையில் செய்ததற்குச் சின்னம் போடச் சொன்ன அந்தச் சட்டம், தொழிற்சாலையிலிருந்து வந்ததை அப்படி வந்ததென்று எழுதச் சொல்லவில்லை. சின்னம் இல்லாததை வைத்து நாமே யூகித்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பண்டம் பாக்கெட்டில் வரும் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கும். ஏழைத் துண்டத்தை நேரம் கொடுத்துப் பக்குவப்படுத்திய அந்த பூர்கிஞோனும் பிளாங்கெத்தும் கான்ஃபியும்தான் முதலில் வரும். மறுநாள் சூடாக்கினாலும் கெடாத, சொல்லப்போனால் இன்னும் ருசிக்கும் குழம்பு வகை என்பதால் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வேகவைத்து, காற்று நீக்கிய பையில் அடைத்து அனுப்ப அதைவிடத் தோதானது கிடையாது. பிஸ்ட்ரோவைக் காப்பாற்றிய அதே குணம் அதன் போலிக்கும் உதவுகிறது. ஸ்டேக்கை அப்படி அனுப்ப முடியாது. ஆகவே சின்ன அடுப்படி, நீளப் பட்டியல், அதில் ஐந்தாறு வகைக் குழம்பு, நாலு மொழியில் படத்தோடு அட்டை என்று எல்லாம் சேர்ந்திருந்தால் யோசித்துக்கொண்டே உள்ளே போங்கள். கரும்பலகையில் நாலே நாலு பதார்த்தம், அதில் ஒன்றை அழித்திருக்கிறார்கள் என்றால் நல்ல அறிகுறி.

நெருக்கடி எங்கிருந்து

ஒன்று, மதியக் கூட்டம். வேலை செய்பவர்களுக்கு நிறுவனம் பாதிக்குக் குறையாமல் பங்கு போட்டுத் தரும் சாப்பாட்டுச் சீட்டு 1967 முதல் பிரான்சில் இருக்கிறது. பிஸ்ட்ரோவின் மதிய வருமானத்தில் அதன் பங்கு பெரிது. 2022 முதல் சூப்பர்மார்க்கெட்டில் சமைக்கத் தேவையான பொருள் வாங்கவும் அந்தச் சீட்டு செல்லும் என்று ஆனது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் கூடியதால் அலுவலகப் பகுதிகளில் வெள்ளிக்கிழமை மேசைகள் காலி.

இரண்டு, போட்டி. 1992இல் ஈவ் கம்தெபோர்த் என்ற சமையல்காரர் கிரியோன் என்ற ஆடம்பர ஓட்டலை விட்டு, நகரின் விளிம்பில் 14ஆம் வட்டாரத்தில் ‘லா ரெகலாத்’ தொடங்கினார். உயர்ரகச் சமையல், பிஸ்ட்ரோ அறை, நிலையான விலை. 2004இல் இந்தப் போக்குக்கு ‘பிஸ்ட்ரோனோமி’ என்று பெயரிட்டார்கள். இது ருசியில் மேலே போய்விட்டது, விலையிலும் போகப்போக ஏறிவிட்டது. கீழே இருந்து, 2017இல் பூயோன் பிகால் திறந்து பழைய பூயோன் வகை திரும்பி வந்தது. நூற்றுக்கணக்கான இருக்கை, நாள் முழுக்கச் சாப்பாடு, அதனால் முட்டை மயோனைஸை மலிவு விலைக்குக் கொடுக்க அவர்களால் முடிகிறது. முப்பது இருக்கைக் கடை அதனோடு எப்படி மோதும்?

மூன்று, ஆட்கள். இங்கே தமிழ் வாசகருக்கு நேரான தொடர்பு உண்டு. 1980களில் போரால் இடம்பெயர்ந்து பாரிஸ் வந்த ஈழத் தமிழர்கள் பலருக்கு முதல் வேலை இந்தச் சமையலறைகளில்தான். ‘கோப்பை கழுவுறது’ என்று அவர்கள் பேச்சில் ஒரு தொடரே நிலைத்துவிட்டது. கழுவத் தொடங்கி, காய் நறுக்கி, அடுப்புக்கு உயர்ந்து, பிளாங்கெத்தை பிரெஞ்சுக்காரருக்குக் குறையாமல் செய்யக் கற்றவர்கள் அவர்களில் உண்டு. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் இறங்கிப் பேசினால் சமையலறைக் கதை இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. அவர்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை, வர வேண்டும் என்றும் இல்லை. சமையலறைக்கு ஆள் கிடைக்காத நிலையில், 2024 ஜனவரியின் குடியேற்றச் சட்டம் ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களில் ஆவணமில்லாமல் வேலை செய்பவர்களுக்கு நிபந்தனைகளோடு அனுமதி தர ஒரு வழி திறந்தது: பிரான்சில் 3 வருடம் வசித்திருக்க வேண்டும், கடைசி 24 மாதத்தில் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும்.

யுனெஸ்கோ கோரிக்கையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். 2010இல் பிரெஞ்சு விருந்து முறைக்கும் 2022இல் பகெத் ரொட்டிக்கும் அந்த அங்கீகாரம் கிடைத்தது. பிஸ்ட்ரோக்காரர்கள் கேட்பது சமையல் குறிப்புக்கு இல்லை. கல்லா மேடையில் மேஸ்திரியும் வக்கீலும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காபி குடிக்கும் பழக்கத்துக்கு. கிடைத்தால் பெருமை, விளம்பரம். வாடகையும் மதியக் கூட்டமும் அதனால் மாறாது என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் போகிறவர்கள் மதியம் பன்னிரண்டே காலுக்குப் போங்கள். ஒரு மணிக்கு மேசை கிடைக்காது, ஒன்றரைக்கு பிளா து ஜூர் அழிந்திருக்கும்.